டெய்லரம்மா ஏறினால் கத்தும் கார்

அந்தக் கார் யார் ஏறினாலும் வாயைத் திறக்காது. டெய்லரம்மா ஏறி உட்கார்ந்தால் மட்டும் கத்தும்.

சும்மா ஒரு முனகல் என்றால் பொறுத்துக்கொள்ளலாம். ஈரக் கண்ணாடியில் நகத்தை வைத்து இழுத்த மாதிரி பல்லைக் கூசவைக்கும் கீச்சு. தெருமுனை தாண்டும்வரை வண்டி சமர்த்தாகப் போகும். பிறகு 'கீ' என்று ஒன்று. சற்று மௌனம். அப்புறம் 'கீ, கீ, கீ' என்று விடாமல். நடைபாதையில் போகிறவர்கள் நின்று பார்ப்பார்கள். தபால் பெட்டியருகே படுத்திருக்கும் நாய் எழுந்து வேறு இடம் பார்த்துப் போகும். டெய்லரம்மா கைப்பையை மடியில் இறுக்கிக்கொண்டு, தானே அந்தச் சத்தத்தைப் போட்டுவிட்ட மாதிரி கூனிக்குறுகி உட்கார்ந்திருப்பாள்.

"பழைய வண்டி. பத்தொன்பது வயசாச்சு. கத்தத்தான் செய்யும்," என்பார் மாஸ்டர், சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"நான் ஏறினா மட்டும் ஏங்க கத்துது?"

மாஸ்டர் இருபத்திரண்டு வருஷமாக ஊருக்கே கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர். எந்த வண்டியையும் காது வைத்தே நோய் சொல்லிவிடுவார் என்று பெயர். அவரே முழித்தார்.

உண்மையில் டெய்லரம்மாவும் ஒரு மாஸ்டர்தான். மருந்துக்கடைக்கு மேல் மாடியில் அவளுக்கு ஒரு ஆல்டரேஷன் கடை இருந்தது. இரண்டு மெஷின், ஒரு இஸ்திரி மேஜை, ஜிப் மாற்ற வந்த பைகள், நீளம் குறைக்க வந்த கால்சட்டைகள். அங்கே வேலை செய்யும் பெண்கள் அவளை மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். ஐந்து மாதத்துக்கு முன் பதிவாளர் அலுவலகத்தில் கையெழுத்துப் போட்ட அன்று, போட்டோ எடுத்தவர் "மாஸ்டர், இங்க பாருங்க" என்று சொல்ல, மணமக்கள் இருவரும் ஒரே சமயத்தில் திரும்பினார்கள். கூடியிருந்த ஏழு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஒரு வீட்டுக்கு ஒரு மாஸ்டர் போதுமென்று அன்றைக்கே அவள் விட்டுக்கொடுத்து டெய்லரம்மா ஆகிவிட்டாள். நாற்பத்து மூன்று வயதில் முதல் கல்யாணம். விட்டுக்கொடுக்க வேண்டியவை இன்னும் நிறைய இருக்கும் என்று தெரிந்துதான் வந்தாள். ஆனால் ஒரு காரோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கும் என்று அவளிடம் யாரும் சொல்லவில்லை.

எட்டாவதாக நின்ற ஒரு ஆள் மட்டும் அன்றைக்குச் சிரிக்கவில்லை. மாஸ்டரின் மகள். பதினெட்டு வயதாகியும் வீட்டில் பாப்பா. அவளுக்கு அந்தப் பெயர் பிடிக்காது. அந்தக் கல்யாணமும் பிடித்ததா என்று யாருக்கும் தெரியாது. எதிர்ப்புச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

பதிவாளர் அலுவலகத்திலிருந்து வீட்டுக்குத் திரும்பும்போதுதான் முதல் தப்பு நடந்தது. மாஸ்டர் பெட்டியை டிக்கியில் வைத்துக்கொண்டிருந்தார். டெய்லரம்மா, எல்லா மனைவிமாரும் செய்வதைப்போல, முன் கதவைத் திறந்து ஓட்டுநர் இருக்கைக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். பாப்பா பின்கதவில் கைவைத்தபடி அப்படியே நின்றாள். மாஸ்டர் வந்து, பார்த்து, ஏதோ சொல்ல வாயெடுத்து, சொல்லாமல் ஏறி வண்டியைக் கிளப்பினார்.

ஆறு வருஷமாக அந்த இருக்கையில் யாரும் உட்காரவில்லை என்பது அவளுக்கு அப்போது தெரியாது. வீட்டில் அப்படி ஒரு சட்டம் யாரும் போடவில்லை. ஆனாலும் பாப்பா பின்னால்தான் உட்காருவாள். விருந்தாளி வந்தாலும் பின்னால்தான். அது பாப்பாவின் அம்மாவுடைய இடம். அவரும் டிரைவிங் டீச்சர். பெண்களுக்கெல்லாம் அவர்தான் கற்றுக்கொடுத்தார். கற்கிறவள் ஸ்டியரிங்கைப் பிடிக்க, பக்கத்து இருக்கையில் அவர். அவர் காலடியில் இரண்டாவதாக ஒரு பிரேக். பதினோரு வருஷம் அந்த இருக்கையில் உட்கார்ந்து, நோயில் படுத்து, போய்ச் சேர்ந்தார்.

அந்த முதல் பயணத்தில், யாரும் பேசாமல் இரண்டு தெரு கடந்தபோது, வண்டி முதல் முறையாகக் கத்தியது.

பின்னாலிருந்து பாப்பா சொன்னாள்: "அம்மா இருந்தப்ப இது ஒரு நாள்கூட இப்படிக் கத்தினதில்ல."

குத்திக்காட்டுகிற குரலாகக்கூட இல்லை. ஒரு தகவலைச் சொல்கிற குரல். அதனாலேயே அது டெய்லரம்மாவின் நெஞ்சில் ஊசி மாதிரி இறங்கி அங்கேயே நின்றுவிட்டது.

*

மாஸ்டருக்கு வழக்கமாக வண்டி பார்க்கும் மெக்கானிக்கின் பெயர் பொறுமை. பெற்றவர்கள் வைத்ததல்ல. வண்டியைக் கொண்டுபோய் விட்ட யாரைப் பார்த்தாலும் "பொறுமை, பொறுமை" என்பார், அதனால் வந்தது. மற்றபடி அவரைப்போல் அவசரக்காரர் அந்த வட்டாரத்திலேயே கிடையாது.

"ஃபேன் பெல்ட்," என்றார் முதல் வாரம், வண்டியைத் தொடுவதற்கு முன்பே. பெல்ட் மாற்றினார். டெய்லரம்மா ஏறினாள். கத்தியது.

"பிரேக் பேடு," என்றார் இரண்டாவது வாரம். சக்கரத்தைக் கழற்றியதும் அவர் முகம் மாறியது. "மாஸ்டர், தப்பா நினைக்காதீங்க. நீங்க பிரேக்ல கால வச்சுக்கிட்டே ஓட்டுறீங்களா?"

மாஸ்டர் அடிபட்ட மாதிரி நிமிர்ந்தார். "யாரப் பாத்து என்ன கேக்குற? பிரேக்ல கால வச்சு ஓட்டாதேன்னு நாலாயிரம் பேருக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான்."

"பேடு தேஞ்சிருக்கே. போன வருஷம் நான்தான் போட்டேன். வயசுக்கு மீறித் தேஞ்சிருக்கு."

"நீ போட்ட பேடு அந்த லட்சணம்."

"சரி, பொறுமை, பொறுமை," என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டு புதியதைப் போட்டார். போட்டபடியே தலையைத் தூக்கி, "டீச்சரம்மா கால்கிட்ட ரெண்டாவது பிரேக் ஒண்ணு இருந்துச்சே, அது?" என்றார்.

"அத அப்பவே எடுத்தாச்சு," என்றார் மாஸ்டர். மிக வேகமாகச் சொன்னார். சொல்லிவிட்டுக் கையைத் துணியில் துடைத்தார். கையில் அழுக்கே இல்லை.

புதிய பேடு போட்டும் கத்தியது. முன்னைவிடத் தெளிவாக.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் நல்ல வேடிக்கை. பொறுமை தனியாக ஓட்டிப் பார்த்தார். சத்தமில்லை. மாஸ்டர் ஓட்ட, பொறுமை முன்னிருக்கையில் உட்கார்ந்து, இடுப்புவரை ஜன்னலுக்கு வெளியே நீட்டி, காதைச் சக்கரத்துக்குக் கொடுத்துக்கொண்டு போனார். சத்தமில்லை. எதிரே வந்த பஸ்காரன் திட்டியதுதான் மிச்சம்.

"எடையா இருக்கும்," என்றார். "டெய்லரம்மா என்ன எடை?"

"ஐம்பத்தி நாலு," என்றாள் அவள், வேறு வழியில்லாமல்.

ஐம்பது கிலோ சிமெண்ட் மூட்டை ஒன்றையும் நான்கு கிலோவுக்கு ஸ்பானர்களையும் இருக்கையில் வைத்து பெல்ட் மாட்டி ஓட்டினார்கள். மூட்டை மரியாதையாக உட்கார்ந்து வந்தது. ஒரு முனகல் இல்லை. மூட்டையை இறக்கிவிட்டு டெய்லரம்மாவை ஏற்றினார்கள். பொறுமையே ஓட்டினார். கேட்டைத் தாண்டியதுமே 'கீ, கீ, கீ'.

பொறுமை வண்டியை ஓரங்கட்டி, அவளை மேலும் கீழும் பார்த்தார். "பையில என்ன வச்சிருக்கீங்க?"

கைப்பையைக் கவிழ்த்தாள். கத்தரிக்கோல், அளவு நாடா, துணியில் கோடு போடும் சாக்கட்டி, நூல் சுற்றிய பாபின்கள் ஐந்து, ஒரு டப்பா குண்டூசி. அத்தனையையும் வெளியே வைத்துவிட்டு ஓட்டினார்கள். கத்தியது. செருப்பின் அடிப்பகுதி உராய்கிறதோ என்று செருப்பையும் கழற்றச் சொன்னார். அவள் ஏறியதுமே கழற்றித்தான் வைத்திருந்தாள். மெஷினில் வெறுங்காலோடு உட்கார்ந்து பழகியவள், எங்கே உட்கார்ந்தாலும் செருப்பு தானாகக் கழன்றுவிடும்.

"எனக்கு ஒண்ணும் புரியல, மாஸ்டர்," என்றார் பொறுமை கடைசியில். அவர் அப்படிச் சொல்லி யாரும் கேட்டதில்லை.

டெய்லரம்மாவுக்கும் புரியவில்லை. ஆனால் புரியாததை அப்படியே விட்டுவிடுகிற ஆள் அவள் இல்லை. சட்டையில் தோளில் சுருக்கம் விழுந்தால் தோளைப் பிரிக்கமாட்டாள். கழுத்தைப் பார்ப்பாள், கையைப் பார்ப்பாள். தப்பு பெரும்பாலும் வேறு எங்காவது இருக்கும். ரசீதுப் புத்தகத்தின் பின்பக்கத்தில் எழுதத் தொடங்கினாள். என்றைக்குக் கத்தியது, எங்கே, மழையா வெயிலா, யார் ஓட்டினார்கள், என்ன பேசிக்கொண்டிருந்தார்கள்.

எழுதி எழுதிக் குழப்பம்தான் கூடியது. மழையிலும் கத்தியது, வெயிலிலும் கத்தியது. ஏற்றத்தில் ஒரு நாள் கத்தவில்லை, அடுத்த நாள் கத்தியது. ஒரே ஒரு தடவை, அவளுடைய அண்ணனைப் பார்த்துவிட்டுத் திரும்பும்போது, ஒரு மணி நேரம் வண்டி பூனைக்குட்டி மாதிரி வந்தது. அன்றைக்கு அவள் அசந்து தூங்கிவிட்டிருந்தாள். வீட்டுக்குப் பக்கத்தில் விழித்தாள். விழித்த அடுத்த நிமிஷம், 'கீ'.

"நீ தூங்கினா அதுவும் தூங்குது. நீ முழிச்சா அதுவும் முழிச்சுக்குது," என்று சிரித்தார் மாஸ்டர்.

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. எழுதியதைப் புரட்டினால் இன்னொன்றும் கண்ணில் பட்டது. பாப்பா பின்னால் இருக்கும் நாட்களில் சத்தம் அதிகம். யாரும் பேசாமல் போகும்போது இன்னும் அதிகம். இதை யாரிடம் சொல்வது? பைத்தியம் என்பார்கள். அவளுக்கே ஒரு நாள் அப்படித் தோன்றிவிட்டது. இருட்டுவதற்கு முன் கொடியில் துணி எடுக்கப் போனவள், கார் ஷெட்டருகே நின்று, பக்கத்தில் யாருமில்லை என்று பார்த்துக்கொண்டு, மெல்ல அதன் முன்விளக்கில் கைவைத்து, "உனக்கு நான் என்ன பண்ணேன்?" என்று கேட்டேவிட்டாள்.

*

பாப்பாவுக்குக் கல்லூரியில் இடம் கிடைத்தது. ஐந்து மணி நேரப் பயணத்தில் இருக்கும் ஊர். ஞாயிற்றுக்கிழமை விடுதியில் சேர வேண்டும்.

டெய்லரம்மா இரண்டு வாரமாகக் கடையில் மற்ற வேலைகளை ஒதுக்கிவிட்டு அவளுக்காகத் தைத்தாள். தலையணை உறை ஆறு, கட்டிலுக்கு இரண்டு விரிப்பு, அழுக்குத்துணிப் பை, எல்லாவற்றின் ஓரத்திலும் பாப்பாவின் பெயரின் முதல் எழுத்து, பச்சை நூலில். சட்டைகள் மூன்று. அளவு எடுக்கக் கேட்கக் கூச்சமாக இருந்தது. கொடியில் காய்ந்த பழைய சட்டையை வைத்து அளந்து வெட்டினாள். பாப்பா வாங்கி, "தேங்க்ஸ்" என்றாள். போட்டுப் பார்க்கவில்லை. பெட்டியின் அடியில் வைத்தாள்.

வியாழக்கிழமை சாப்பாட்டு மேஜையில் பேச்சு வந்தது.

"பெட்டி, மெத்தை எல்லாம் பின்னாடி வச்சா, பின் சீட்டுல ஒருத்தருக்குத்தான் இடம்," என்றார் மாஸ்டர். "நீ பின்னாடி. இவ முன்னாடி. சரியா இருக்கும்."

பாப்பா தட்டைப் பார்த்தபடியே, "அந்தச் சத்தத்தோட அஞ்சு மணி நேரமா? என்னால முடியாதுப்பா," என்றாள்.

"அப்ப வேற வண்டி சொல்றேன். வேன் மாதிரி. இந்த வண்டியும் போதும், வித்துறலாம்னு பாக்கிறேன்."

பாப்பாவின் நாற்காலி பின்னால் கிறீச்சிட்டது. "அம்மா வண்டிய விக்கப் போறீங்களா? பெடல கழட்டிப் போட்டீங்க. அம்மா போன மூணாம் வாரமே கழட்டிட்டீங்க. ஸ்கூல்லேர்ந்து வந்து பாத்தா, புது மேட் விரிச்சு, அங்க ஒண்ணுமே இருந்த மாதிரி இல்ல. இப்ப வண்டியையே விக்கணுமா?"

மாஸ்டர் தண்ணீர்க் குவளையைத் தூக்கிக் குடிக்காமலே கீழே வைத்தார். இந்தச் சண்டைக்கு ஆறு வயது என்று டெய்லரம்மாவுக்குப் புரிந்தது. அப்பாவும் மகளும் இதைப் பேசாமலே இத்தனை வருஷம் ஓட்டியிருக்கிறார்கள்.

"வண்டிய விக்க வேணாம்," என்றாள் அவள். குரல் இயல்பாக வந்ததில் அவளுக்கே ஆச்சரியம். "எனக்கு ஞாயித்துக்கிழமை கடையில வேலை இருக்கு. நீங்க ரெண்டு பேரும் போயிட்டு வாங்க. நான் இல்லன்னா அது கத்தாது."

கடைக்கு ஞாயிறு விடுமுறை. அது மூவருக்கும் தெரியும். மாஸ்டர் அவளையே பார்த்தார். பாப்பா சாதத்தைப் பிசைந்துகொண்டிருந்தாள். ஒரு வார்த்தை, "வாங்களேன்" என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லுவாளா என்று டெய்லரம்மா தட்டுகளை அடுக்கும் சாக்கில் காத்திருந்தாள். பாப்பா கை கழுவப் போய்விட்டாள்.

அன்று பாத்திரம் தேய்க்கும்போது அவள் மனசு ஒரே கணக்கில் நின்றது. இந்த ஞாயிற்றுக்கிழமை நான் வீட்டில் தங்கிவிட்டால், அந்த இருக்கை மறுபடி காலியாகிவிடும். பிறகு நான் இந்த வீட்டில் சமைக்கலாம், துவைக்கலாம், தைக்கலாம். அங்கே மட்டும் உட்கார முடியாது.

*

சனிக்கிழமை காலை மாஸ்டர் சாவியோடு வந்து நின்றார். "கடைசியா ஒரு தடவை. வா."

"எதுக்குங்க? விடுங்க."

"நீ இல்லாம நான் போகமாட்டேன். என்னன்னு பாத்துருவோம். பொறுமைகிட்ட போய் அவன் முன்னாடியே பிரிச்சுப் போடச் சொல்றேன்."

பாப்பாவுக்குப் பெட்டிக்குப் பூட்டு வாங்க வேண்டியிருந்தது. பூட்டுக்கடையும் அந்தப் பக்கம்தான். காரில் வா என்றதற்கு, ஸ்கூட்டரில் வருகிறேன் என்று பின்னாலேயே கிளம்பினாள்.

டெய்லரம்மா ஏறினாள். செருப்பைக் கழற்றினாள். பின்பக்கக் கண்ணாடியில் பாப்பாவின் ஹெல்மெட் தெரிந்தது. கைப்பையை மடியில் இறுக்கிக்கொண்டாள். தெருமுனை. 'கீ.' அடுத்த சந்திப்பு. 'கீ, கீ.' மாஸ்டர் உதட்டைக் கடித்துக்கொண்டு ஓட்டினார். பெரிய சாலைக்கு வந்ததும் நிற்காமல் கத்தியது.

திடீரென்று ஸ்கூட்டர் ஹாரன் அடித்தபடி பக்கத்தில் வந்தது, முந்தியது, கையை ஆட்டி நிறுத்தச் சொன்னது. மாஸ்டர் ஓரங்கட்டினார்.

பாப்பா ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் ஜன்னலுக்கு வந்தாள். "அப்பா, என்னாச்சு உங்களுக்கு? ஏன் பிரேக் அடிச்சுக்கிட்டே போறீங்க? பின்னாடி வர்றவங்க என்ன பண்றது?"

"நான் எங்க அடிச்சேன்?"

"பிரேக் லைட் எரிஞ்சு எரிஞ்சு அணையுது. வழி பூரா. கண்ணடிக்கிற மாதிரி."

"கால் ஆக்சிலேட்டர்லதான் இருக்கு!"

"அப்ப லைட்ட நானா போட்டேன்?"

"உங்க அம்மா மாதிரியே பேசாத!"

சொல்லிவிட்டு மாஸ்டர் ஸ்டியரிங் பக்கம் திரும்பிக்கொண்டார். பிறகு பாப்பா ஹெல்மெட்டைக் கழற்றினாள். டிரைவிங் டீச்சர்கள் இருவருக்குப் பிறந்தவள், கார் ஓட்டக் கற்றுக்கொள்ளாவிட்டாலும் மூளை அப்படித்தான் வேலை செய்தது. "எஞ்சினை நிறுத்துங்க. சாவிய மட்டும் போட்டு வைங்க. இப்ப ரெண்டு காலையும் தூக்கி சீட் மேல வைங்க."

"நடுரோட்டுல..."

"வைங்கப்பா."

நாலாயிரம் பேருக்கு ஓட்டச் சொல்லிக்கொடுத்த மாஸ்டர், ஸ்டியரிங்குக்குப் பின்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். பாப்பா வண்டிக்குப் பின்னால் போய் நின்றாள். நடைபாதையில் இரண்டு பேர் வேடிக்கை பார்க்க நின்றார்கள்.

"எரியுது!" என்று கத்தினாள். "அணைஞ்சிருச்சு. மறுபடி எரியுது!"

மாஸ்டர் தன் கால்களைப் பார்த்தார். அவை மடியில் இருந்தன. அவர் முகம் வெளுத்துப்போனது. டெய்லரம்மாவுக்கு அழுகையே வந்துவிடும் போலிருந்தது. கத்துவது போதாதென்று இப்போது விளக்கும் எரிகிறதா?

பாப்பா முன்னால் வந்தாள். டெய்லரம்மாவின் பக்கத்துக் கதவைத் திறந்தாள். அவள் அந்தக் கதவைத் திறந்தது ஆறு வருஷத்தில் முதல் தடவை. குனிந்து உள்ளே பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

"என்ன பண்றீங்க?" என்றாள்.

"என்ன பண்றேன்? சும்மாதானே உக்காந்திருக்கேன்."

"உங்க கால்."

டெய்லரம்மா குனிந்தாள். அவளுடைய வலது கால், அவளைக் கேட்காமலே, தைத்துக்கொண்டிருந்தது. காலடியில் விரித்திருந்த தடித்த ரப்பர் மேட்டுக்கு நடுவில் லேசாகப் புடைத்திருந்த இடத்தில் பாதத்தை வைத்து, மெஷின் மிதியை அழுத்துவது போல, அழுத்தி, விட்டு, அழுத்தி, விட்டு. பாதம் வைக்க வாகாக இருக்கிறதே என்று முதல் நாளே காலை அங்கேதான் வைத்தாள். பயம் வந்தால், யோசனை வந்தால், மெஷினில் உட்கார்ந்துவிடுவாள். இருபத்தைந்து வருஷப் பழக்கம். மெஷின் இல்லாத இடத்திலும் கால் மட்டும் போய் உட்கார்ந்துகொண்டது.

"ஐயோ," என்று காலைச் சட்டென்று இழுத்துக்கொண்டாள்.

பாப்பா மேட்டின் ஓரத்தைப் பிடித்துத் தூக்கினாள். அது ஆறு வருஷம் படிந்து ஒட்டிக்கிடந்தது. பலமாக இழுத்தபோது பிய்ந்து வந்தது. அடியில் ஒரு இரும்புக் கம்பி, ஓட்டுநர் பக்கத்து பிரேக்கோடு சேர்ந்தபடி. அதன் நுனியில் மிதிக்கும் பலகை இல்லை. ஒரு துணி சுற்றி, நூலால் கட்டியிருந்தது.

 ஒரு லாரி கடந்து போனது.

"எடுத்துட்டேன்னு சொன்னீங்க," என்றாள் பாப்பா. குரல் சின்னப்பிள்ளைக் குரலாக இருந்தது.

மாஸ்டர் இன்னும் சம்மணம் போட்டபடியே இருந்தார். "பலகைய மட்டும் எடுத்தேன். அந்த சீட்ல ஆள் இல்லாம, அது மட்டும் கண்ணு முன்னாடி தெரிஞ்சுக்கிட்டே இருந்துச்சு. எல்லாத்தையும் எடுக்கணும்னுதான் உக்காந்தேன். ரெண்டு போல்ட் கழட்டினேன். மூணாவதுக்குக் கை வரல." பிய்ந்து கிடந்த மேட்டைக் காட்டினார். "மேல மேட்டப் போட்டு மூடிட்டேன். இல்லன்னு சொல்லிச் சொல்லி எனக்கே இல்லன்னு ஆயிருச்சு."

"பலகை?"

அவர் டேஷ்போர்டில் இருந்த பெட்டியைக் காட்டினார். மூடி இறுகிப்போயிருந்தது. திறக்கவே வராது என்றுதான் வீட்டில் எல்லோரும் நம்பியிருந்தார்கள். டெய்லரம்மா கைப்பையிலிருந்து கத்தரிக்கோலை எடுத்து நெம்பினாள். வண்டிப் புத்தகத்துக்கு அடியில், உள்ளங்கை அளவில், ரப்பர் பதித்த இரும்புப் பலகை. ரப்பர் ஒரு பக்க ஓரத்தில் மட்டும் தேய்ந்து வழவழத்திருந்தது.

"அம்மா எப்பவும் ஓரத்துலதான் மிதிப்பாங்க," என்றாள் பாப்பா. அதைக் கையில் வாங்கிக்கொண்டு நடைபாதை விளிம்பில் உட்கார்ந்துவிட்டாள்.

டெய்லரம்மாவுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. அருகே போகலாமா, போனால் தப்பாகுமா? செருப்பில்லாமல் இறங்கி, கொஞ்சம் தள்ளி அதே விளிம்பில் உட்கார்ந்தாள். "மன்னிச்சுக்கம்மா. எனக்குத் தெரியாது. அஞ்சு மாசமா உங்கப்பாவுக்கு நான் பிரேக் போட்டுக்கிட்டே வந்திருக்கேன்."

பாப்பா மூக்கை உறிஞ்சினாள். அவளிடமிருந்து வந்தது அழுகையா சிரிப்பா என்று முதலில் புரியவில்லை. சிரிப்புத்தான், பாதி.

"நான் ரொம்ப மிதிச்சிருக்கேன்ல?" என்றாள் டெய்லரம்மா.

"நான் பின்னாடி இருந்தா அதிகமா மிதிச்சீங்களா?"

பொய் சொல்லத் தோன்றவில்லை. "ஆமா."

*

பொறுமை மெக்கானிக் கதையைக் கேட்டுவிட்டு ஐந்து நிமிஷம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு மாஸ்டரைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினார். "நான் அன்னைக்கே கேட்டேனா இல்லையா? பிரேக்ல கால் வச்சு ஓட்டுறீங்களான்னு?"

"என் காலான்னு கேட்ட. வீட்டுல எத்தனை கால்னு கேட்டியா?"

"சரி, பொறுமை, பொறுமை. முழுசா அறுத்து எடுத்துறவா?"

மாஸ்டர் மகளைப் பார்த்தார். டெய்லரம்மாவும் பார்த்தாள். டெய்லரம்மாதான் முதலில் அவசரமாகச் சொன்னாள்: "அறுக்க வேணாம். இருக்கட்டும். நான் காலை மடிச்சு வச்சுக்கறேன். இல்ல, நான் பின்னாடி..."

"அறுக்காம வேற வழி இல்லையா?" என்று பாப்பா பொறுமையைக் கேட்டாள்.

அவர் தலையை உள்ளே விட்டுப் பார்த்தார். "அந்தக் கோடியில ரெண்டையும் சேக்குற பின் ஒண்ணு இருக்கு. அத உருவிட்டாப் போதும். பெடல் பெடலாவே இருக்கும். மிதிச்சா சும்மா போயிட்டு வரும். பிரேக் மட்டும் மாஸ்டர்கிட்ட."

"அப்ப அந்தப் பின்ன உருவிருங்க. இந்தப் பலகைய மாட்டிருங்க."

"வேலை செய்யாத பெடலுக்குப் பலகை எதுக்கும்மா?"

பாப்பா பலகையை அவர் கையில் வைத்தாள். "அவங்க கால் வைக்க."

டெய்லரம்மா சட்டென்று திரும்பி, சுவரில் மாட்டியிருந்த ஸ்பானர்களைப் பெரியது சிறியது என்று எண்ண ஆரம்பித்தாள். பதினேழு வரை எண்ணியும் கண் தெளியவில்லை.

*

ஞாயிற்றுக்கிழமை காலை மெத்தையும் பெட்டியும் பின் இருக்கையை முக்கால்வாசி அடைத்துக்கொண்டன. மிச்சத்தில் பாப்பா. பச்சை நூல் சட்டைகளில் ஒன்றைப் போட்டிருந்தாள். தோள் அரை அங்குலம் அகலம். கொடியில் காய்ந்த சட்டையை நம்பியது தப்பு என்று டெய்லரம்மா மனதுக்குள் குறித்துக்கொண்டாள். வாய் திறந்து சொல்லவில்லை.

ஊரைத் தாண்டி, வயல்களும் கிடங்குகளும் மாறி மாறி வந்தன. வண்டி வாயே திறக்கவில்லை. அந்த அமைதி பழக்கமில்லாததால் மாஸ்டர் இரண்டு தடவை ஜன்னலை இறக்கிக் காதைக் கொடுத்துப் பார்த்தார்.

"என்ன தைக்கிறீங்க?" என்று பின்னாலிருந்து குரல் வந்தது.

டெய்லரம்மா கீழே பார்த்தாள். கால் பலகையின் மேல் ஓடிக்கொண்டிருந்தது. "தெரியலையேம்மா. தலையணை உறையா இருக்கும்."

"மெதுவாத் தையுங்க, சித்தி. அம்மாவே இவ்வளவு வேகமா மிதிச்சதில்ல."

மாஸ்டர் சாலையையே பார்த்துக்கொண்டு ஓட்டினார். அவருடைய காதுகள் மட்டும் சிவந்திருந்தன. டெய்லரம்மா காலை மட்டும் கொஞ்சம் மெதுவாக்கினாள்.

அடுத்த பாலம் ஏறி இறங்கியதும் 'டக், டக், டக்' என்று ஒரு சத்தம் ஆரம்பித்தது.

மூவரும் மூச்சைப் பிடித்தார்கள். மாஸ்டர் தலையைச் சாய்த்து டெய்லரம்மாவின் காலடியைப் பார்த்தார். டெய்லரம்மா இரண்டு கால்களையும் தூக்கி இருக்கையின் மேல் வைத்துக்கொண்டாள். "நான் இல்ல."

பாப்பாவும் மெத்தைக்கும் கதவுக்கும் நடுவில் காலைத் தூக்கிக் காட்டினாள். "நானும் இல்ல."

"என் கால் ரெண்டும் இங்கதான் இருக்கு," என்றார் மாஸ்டர் கவலையோடு.

சத்தம் நிற்கவில்லை. பத்து மைல் தூரம் மூன்று பேரும் ஆளுக்கொரு காரணம் சொல்லிக்கொண்டு போனார்கள். சைலன்ஸர் என்றார் மாஸ்டர். டிக்கி மூடி என்றாள் டெய்லரம்மா. டீ குடிக்க நிறுத்திய இடத்தில்தான், புதுப் பூட்டு பெட்டியில் தொங்கியபடி தட்டிக்கொண்டு வந்ததை பாப்பா கண்டுபிடித்தாள். டெய்லரம்மா கைப்பையிலிருந்து ஒரு துண்டுத் துணி எடுத்து அதைச் சுற்றி, பச்சை நூலால் கட்டிவிட்டு, முன் கதவைத் திறந்து, தன் இடத்தில் உட்கார்ந்தாள்.